விண்டோஸ் 10: அக்டோபர் 14 அல்ல, நவம்பர் 11-தான் முக்கியம்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. தேதி நெருங்க நெருங்க வாசகர் கடிதங்களில் பதற்றம் கூடிக்கொண்டே வந்தது. “15-ஆம் தேதி காலையில் கம்ப்யூட்டர் திறக்குமா?” என்று கேட்டார் ஒருவர். “குரோம் புதுசாகத்தானே இருக்கிறது, விண்டோஸ் பழசானால் என்ன?” என்றார் இன்னொருவர். தீபாவளித் தள்ளுபடி முடிவதற்குள் புது லேப்டாப் வாங்கிவிடலாமா என்று கேட்டவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: அவசரப்பட்டுக் கடனில் வாங்காதீர்கள். உங்களில் பெரும்பாலோருக்குப் பணம் கட்டாமலே 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் உண்டு. ஆனால் அது தானாக வராது, நீங்கள்தான் பதிவு செய்து பெற வேண்டும்.

அடுத்து தேதிக் குழப்பம். மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட்டுகளை வெளியிடுகிறது. அக்டோபர் 14-ம் அப்படி ஒரு செவ்வாய்தான். அன்றைய அப்டேட் விண்டோஸ் 10-க்கும் உண்டு. ஆகவே 15-ஆம் தேதி காலையில் உங்கள் கணினி முந்தைய நாளைவிட ஆபத்தானதாக மாறிவிடவில்லை. அடுத்த இரண்டாவது செவ்வாய் நவம்பர் 11. மற்றவர்களுக்கு அப்டேட் வந்து, பதிவு செய்யாதவர்களுக்கு வராமல் போன முதல் நாள் அதுதான். அந்த நாள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அறிவிப்புகளில் இதை யாரும் விளக்குவதில்லை.

ஆறு வித்தியாசங்கள்

வார இதழ்களில் இரண்டு படங்களை அருகருகே போட்டு ஆறு வித்தியாசங்களைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். தனிப் படமாகப் பார்த்தால் எதுவும் தெரியாது. பக்கத்தில் இன்னொன்றை வைத்ததும் சட்டையில் குறையும் பித்தான் கண்ணில் பட்டுவிடும்.

விண்டோஸ் அப்டேட்டுகளிலும் இதே விளையாட்டுதான். பாதுகாப்பில் ஓர் ஓட்டையை அடைக்கும்போது அது எந்த இடத்தில் இருந்தது என்று மைக்ரோசாஃப்ட் விவரமாகச் சொல்வதில்லை. ஒரு எண், ஆபத்தின் அளவு, இரண்டு வரி விளக்கம், அவ்வளவுதான். ஆனால் அடைத்த ஃபைல் எல்லோர் கணினிக்கும் போய்ச் சேர்கிறது. போன மாத ஃபைலையும் இந்த மாத ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட மென்பொருள்கள் இருக்கின்றன. கூகுளின் பின்டிஃப் இலவசமாகவே கிடைக்கிறது. ஆயிரக்கணக்கான பகுதிகளில் மாற்றமே இருக்காது. மாறிய சில பகுதிகளில் ஒன்றில், உள்ளே வரும் தகவலின் நீளத்தைச் சரிபார்க்கும் ஒரு வரி புதிதாக முளைத்திருக்கும். இன்று அங்கே காவல் போட்டிருக்கிறார்கள் என்றால் நேற்று வரை காவல் இல்லை என்று பொருள். ஓட்டை இருந்த இடம் அதுதான். நோய்க்கு மருந்தாக வந்த ஃபைலே, மருந்து கிடைக்காதவனுடைய நோய் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இது வெறும் ஊகம் அல்ல. கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவில் இருந்த மத்தேயுஷ் யுர்ச்சிக் 2017-இல் விண்டோஸ் 7-ஐயும் விண்டோஸ் 10-ஐயும் இப்படி எதிரெதிரே வைத்துப் பார்த்தார். அவர் தேடியது மிகச் சிறிய ஒரு விஷயம். நினைவகத்தில் ஓர் இடத்தைப் பயன்படுத்துவதற்கு முன் பழைய எச்சங்களைத் துடைத்து விடும் ‘மெம்செட்’ என்ற கட்டளை, விண்டோஸ் 10-இல் இருந்து 7-இல் இல்லாத இடங்கள் எவை? எழுத்துருக்களின் வடிவத்தைக் கையாளும் ஒரு பகுதியில் அது சிக்கியது. புதியதில் துடைத்திருந்தார்கள், பழையதில் துடைக்கவில்லை. அதனால் விண்டோஸின் உட்கருவில் தங்கியிருந்த எச்சத் தகவல் சாதாரண புரோகிராம் ஒன்றின் கைக்குப் போக வழி இருந்தது. அவர் தெரிவித்த பிறகு அந்த ஆண்டு செப்டம்பரில் அதை அடைத்தார்கள். இதில் என்னை உறுத்துவது, அப்போது விண்டோஸ் 7-க்கு ஆதரவுக் காலம் முடியவே இல்லை என்பதுதான். 2020 ஜனவரி வரை காலம் இருந்தது. ஆதரவு உள்ள காலத்திலேயே பழைய வீட்டின் கதவு திறந்து கிடந்தது.

இப்போது விண்டோஸ் 10-இன் நிலை இதைவிடச் சிக்கலானது. ‘ஆதரவு முடிகிறது’ என்ற சொல்லைக் கேட்டால், இனி விண்டோஸ் 10-க்கு யாரும் அப்டேட் எழுதப்போவதில்லை என்றுதான் தோன்றும். அது உண்மையில்லை. கட்டணம் செலுத்தும் நிறுவனங்களுக்காக 2028 அக்டோபர் வரை ஒவ்வொரு மாதமும் எழுதத்தான் போகிறார்கள். நிறுவனங்களுக்கு முதல் ஆண்டில் கணினி ஒன்றுக்கு 61 டாலர். ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பாகும். தயாரிப்பு நிற்கவில்லை, விநியோகம்தான் நிற்கிறது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். தாக்க நினைப்பவன் விண்டோஸ் 11-ஐயும் 10-ஐயும் ஒப்பிட்டுச் சிரமப்பட வேண்டியதே இல்லை. வீட்டுக் கணினிகளுக்கான ஓராண்டு நீட்டிப்புக்கு 30 டாலர் கட்டி அவனும் பதிவு செய்துகொள்வான். நவம்பர் மாத விண்டோஸ் 10 அப்டேட் அவனுக்கு வரும். அக்டோபர் மாதத்து ஃபைலோடு ஒப்பிடுவான். ஒரே புத்தகத்தின் இரண்டு பதிப்பு. ஒரு பக்கம்தான் மாறியிருக்கும். அங்கே அவன் கண்டுபிடிக்கும் ஓட்டை, பதிவு செய்யாத ஒவ்வொரு விண்டோஸ் 10 கணினியிலும் அடைபடாமல் இருக்கும், டிசம்பரிலும் ஜனவரியிலும் அப்படியே இருக்கும். சிலருக்கு மட்டும் மருந்தை விற்கும் ஏற்பாடு, வாங்காதவர்களை முன்பைவிட அதிக ஆபத்தில் தள்ளுகிறது. இதை மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புது பிரவுசர், பழைய விண்டோஸ்

“குரோம் புதுசுதானே” என்ற வாசகருக்கு வருகிறேன். புது பிரவுசர் கட்டாயம் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அது மட்டும் போதாது.

இன்றைய பிரவுசர்கள் ஒவ்வொரு இணையப் பக்கத்தையும் ஒரு கூண்டுக்குள் அடைத்துத்தான் இயக்குகின்றன. அந்தப் பக்கத்தில் தீய நிரல் இருந்தாலும் கூண்டைத் தாண்டி உங்கள் ஃபைல்களைத் தொட முடியாது. கூண்டைக் கட்டுவது பிரவுசர். ஆனால் அதற்குப் பூட்டு கொடுப்பது விண்டோஸ். பூட்டில் ஓட்டை இருந்தால் கூண்டு எவ்வளவு புதியதாக இருந்து என்ன பயன்?

2019 பிப்ரவரி இறுதியில் இப்படியே நடந்தது. குரோமில் இருந்த ஓர் ஓட்டையையும் விண்டோஸின் உட்கருவில் இருந்த இன்னோர் ஓட்டையையும் சேர்த்து யாரோ தாக்கிக்கொண்டிருப்பதை கூகுள் கண்டுபிடித்தது. முதலாவது வழியாக உள்ளே நுழைந்து, இரண்டாவது வழியாகக் கூண்டை உடைத்து வெளியேறுவது திட்டம். குரோம் உடனே அப்டேட் ஆகிவிட்டது. விண்டோஸுக்கு மார்ச் மாத இரண்டாம் செவ்வாய் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டாவது ஓட்டை விண்டோஸ் 7-இல்தான் பலிக்கும், புதிய விண்டோஸ்களில் கூடுதலாகச் சேர்த்த தடுப்புகளால் பலிக்காது என்று நம்புவதாகச் சொன்ன கூகுள், பழைய விண்டோஸில் இருப்பவர்கள் 10-க்கு மாறுவதை யோசிக்கச் சொன்னது. பிரவுசர் தயாரிக்கும் நிறுவனமே விண்டோஸை மாற்றச் சொன்னது என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசருக்கு விண்டோஸ் 10-இல் குறைந்தது 2028 அக்டோபர் வரை அப்டேட் வரும். விண்டோஸின் வைரஸ் தடுப்பு மென்பொருளான டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியலும் அதுவரை வரும். நல்ல செய்திதான். ஆனால் “டிஃபெண்டர் இருக்கிறதே” என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம். அது திருடர்களின் முகங்களை வைத்திருக்கும் பட்டியல். உடைந்த கதவை அது சரி செய்யாது.

இன்னும் பழைய விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்கள் இன்னும் சில வீடுகளில் ஓடுகின்றன. தொடக்க ஆண்டுகளில் வந்தவை விண்டோஸ் 7 கொண்டவை. அவற்றில் குரோம் 109-க்கு மேல் ஏறாது; 2023 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் தன் 115-ஆம் பதிப்பின் நீண்டகால வடிவத்தை விண்டோஸ் 7-க்காக 2026 மார்ச் வரை நீட்டித்தது. பிள்ளைகள் படிக்க, தட்டச்சு பழக, ஃபயர்ஃபாக்ஸோடு வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கை மட்டும் அதில் திறக்காதீர்கள்.

ஒரு வீட்டில் செய்து பார்த்தது

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். 2017-இல் மகன் வாங்கிக் கொடுத்த லேப்டாப். இன்டெல் ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்று திரையில் வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும் என்பதைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்கிறார்கள். விண்டோஸ் பட்டனோடு R-ஐ அழுத்தி tpm.msc என்று தட்டிப் பார்த்தோம். 2.0 என்றே காட்டியது. ஆக, அவர் லேப்டாப்பில் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் ஏற்பதில்லை என்ற விதிதான் தடுக்கிறது. அந்த விதிக்கும் விலக்கு உண்டு. மைக்ரோசாஃப்ட் தானே விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-இல் இருந்ததும் ஏழாம் தலைமுறைச் சிப்தான். அதைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். ‘தகுதியற்ற கணினி’ என்ற சொல்லை உங்கள் கணினி கெட்டுவிட்டது என்ற பொருளில் எடுத்துக்கொள்ளாதீர்கள். கோடு போட்டது நிறுவனம்.

செட்டிங்ஸில் ‘அப்டேட் அண்டு செக்யூரிட்டி’யைத் திறந்தோம். ‘என்ரோல் நவ்’ என்ற இணைப்பு இருந்தது. அழுத்தியதும் மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்டது. மகன் உள்ளூர்க் கணக்கு மட்டும் போட்டு வைத்திருந்ததால் அவருடைய ஜிமெயில் முகவரியிலேயே புதுக் கணக்கு தொடங்கினோம். பிறகு மூன்று வழிகள் வந்தன: கணினியின் செட்டிங்ஸை கிளவுடில் சேமிக்க ஒப்புக்கொள்வது, 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகள், அல்லது 30 டாலர்.

“தம்பி, காசு வேண்டாம்னு சொல்றான்னா எதையோ எடுத்துக்கறான்னுதானே அர்த்தம்? எதைக் குடுக்கறேன்னு சொல்லு” என்றார்.

“உங்க செட்டிங்ஸ் சார். எந்த ஆப் வெச்சிருக்கீங்க, திரையை எப்படி வெச்சிருக்கீங்க, அந்த மாதிரி. பாஸ்வேர்டு, டாக்குமெண்ட், போட்டோ எல்லாம் போகாம அணைச்சு வைக்கலாம்.” அணைத்து வைத்தோம்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் நுகர்வோர் அமைப்புகள் எதிர்த்துக் கேட்டதும், செட்டிங்ஸ் சேமிக்கும் நிபந்தனை இல்லாமலே இலவசமாகத் தருவதாக மைக்ரோசாஃப்ட் 2025 செப்டம்பரில் இறங்கி வந்தது. இந்தியாவுக்கு அந்தச் சலுகை இல்லை. நம் நுகர்வோர் அமைப்புகள் இதை வலியுறுத்திக் கேட்க வேண்டும்.

பதிவு முடிந்தது. 2026 அக்டோபர் 13 வரை அவருக்குக் கவலையில்லை.

மற்ற கேள்விகள்

நவம்பர் 11-க்குள் பதிவு செய்யாமல் விட்டிருந்தால்? பிறகும் செய்யலாம், விட்டுப்போன அப்டேட்டுகளும் வந்துவிடும். இடைப்பட்ட நாட்கள்தான் ஆபத்து.

என்ரோல் இணைப்பு தெரியவில்லை? பதிப்பு 22H2-தானா என்று பாருங்கள், நிலுவையில் உள்ள எல்லா அப்டேட்டுகளையும் போட்டுவிட்டு மறுபடி திறங்கள்.

வீட்டில் மூன்று கணினிகள், மூன்று முறை பணமா? இல்லை, ஒரே கணக்கில் 10 கணினிகள் வரை.

கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியானது என்கிறது, மாறலாமா? மாறுங்கள், இலவசம்.

தகுதியில்லாத கணினியில் குறுக்கு வழியில் 11 போடுகிறார்களே? போட முடியும், அப்டேட்டுகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை.

லினக்ஸ்? பிரவுசரும் தட்டச்சும் மட்டுமே வேலை என்றால் லினக்ஸ் மின்ட் போதும்; முதலில் பென் டிரைவில் ஓட்டிப் பாருங்கள்.

பழைய எம்.எஸ். ஆபீஸ் திறக்குமா? திறக்கும், ஆனால் ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் அப்டேட் நின்றது அதே அக்டோபர் 14-தான்.

எதுவுமே செய்யாமல் இன்டர்நெட்டைப் பிடுங்கிவிட்டு வைத்துக்கொண்டால்? தாராளமாக, ஆனால் ஊரெல்லாம் சுற்றிய பென் டிரைவை அதில் செருகாதீர்கள்.