கட்டியை அகற்றும் முன் அதன் பெயரை அறிவோம்

எங்கள் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "வலி இல்லை, அதனால்தான் காட்டவில்லை." கனகசெட்டிக்குளம், காலாப்பட்டு, மரக்காணம் பகுதிகளிலிருந்து வருவோரில் பலர், தொடையிலோ தோளிலோ முதுகிலோ ஒரு கட்டி தோன்றியதைப் பல மாதங்களுக்கு முன்பே கவனித்திருப்பார்கள். அறுவடை முடியட்டும், பிள்ளையின் தேர்வு முடியட்டும், மீன்பிடித் தடைக்காலம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டிருப்பார்கள். இந்தத் தாமதம் பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதில்லை. உடலில் தோன்றும் கட்டிகளில் மிகப் பல தீங்கற்றவையே. ஆனால் மிகச் சிலருக்கு அது அரிய வகைப் புற்றுநோயின் தொடக்கமாக இருக்கக்கூடும். இவ்விரண்டையும் எப்படிப் பிரித்தறிகிறோம், சந்தேகம் எழுந்தபின் நோயாளியும் குடும்பத்தாரும் எந்த வரிசையில் செயல்பட வேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

எந்தக் கட்டியை உடனே காட்ட வேண்டும்?

தோலுக்கடியில் மெத்தென்று நகரும் கட்டி பெரும்பாலும் கொழுப்புக் கட்டியாகவே இருக்கும். காலில் புண் ஏற்பட்டால் தொடை இடுக்கில் நெறி கட்டுவதும், பல்லில் சீழ் வைத்தால் தாடைக்குக் கீழ் வீங்குவதும் உடலின் இயல்பான எதிர்வினைகள். காரணம் தீர்ந்ததும் அவை வற்றிவிடும். கழுத்தில் நீடிக்கும் நெறிக்கட்டிக்கு நம் நாட்டில் காசநோயும் ஒரு முக்கியக் காரணம். அதை மருந்தால் குணப்படுத்தலாம்.

ஆனால் கீழ்க்காணும் அறிகுறிகளுள் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்:

• கட்டி 5 செ.மீ.க்கு மேல், அதாவது ஒரு நல்ல எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக இருத்தல்.
• சில வாரங்களில் அல்லது மாதங்களில் அளவு கூடிக்கொண்டே வருதல்.
• தோலுக்கடியில் நகராமல், தசையின் ஆழத்தில் பதிந்திருத்தல்.
• புதிதாக வலி தொடங்குதல், குறிப்பாக இரவில் எலும்பை ஒட்டி வலித்தல்.
• ஒருமுறை அகற்றிய கட்டி அதே இடத்தில் மீண்டும் தோன்றுதல்.

இங்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். வலி இல்லை என்பது ஆபத்து இல்லை என்பதற்குச் சான்றாகாது. தசை, கொழுப்பு, நரம்பு, எலும்பு போன்ற திசுக்களில் தோன்றும் 'சார்கோமா' என்னும் அரிய புற்றுநோய், தொடக்கத்தில் பெரும்பாலும் வலியின்றியே வளர்கிறது. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றே இவ்வகையைச் சேர்ந்தது. ஆனால் அதற்குள்ளேயே 50-க்கும் மேற்பட்ட உட்பிரிவுகள் உள்ளன.

வளரும் பிள்ளைகளுக்கு முழங்காலைச் சுற்றி வீக்கமும் வலியும் தோன்றினால், விளையாட்டில் அடிபட்டது என்று எண்ணி எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். அடிபட்ட வீக்கம் நாளுக்கு நாள் குறைய வேண்டும். சில வாரங்களாகியும் குறையாமல் வளர்ந்தால், உருவுவதை நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம்.

முதலில் படம், பிறகு சதைப் பரிசோதனை, இறுதியில் அறுவை

"கட்டியைச் சீக்கிரம் எடுத்துவிடுங்கள்" என்று பலர் கேட்கிறார்கள். அந்தத் தவிப்பு எங்களுக்குப் புரிகிறது. எனினும், சந்தேகத்துக்குரிய கட்டியை என்னவென்று அறியாமல் அகற்றுவது பிற்காலச் சிகிச்சையைக் கடினமாக்கிவிடும். சார்கோமாவை அகற்றும்போது, அதைச் சுற்றியுள்ள நல்ல திசுவையும் ஓர் உறை போலச் சேர்த்து எடுக்க வேண்டும். கொழுப்புக் கட்டி என்று கருதிக் கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத புற்றணுக்கள் அங்கே தங்கிவிடலாம். பின்னர் இரண்டாவது முறையாக, முன்பைவிடப் பெரிய அறுவை தேவைப்படும்.

ஆகவே நாங்கள் ஒரு வரிசையைப் பின்பற்றுகிறோம். முதலில் மருத்துவர் தொட்டுப் பார்த்து அளவெடுப்பார். தேவையானால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்யப்படும். கட்டி ஆழமாகவோ பெரிதாகவோ இருந்தால் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கப்படும். கட்டி எந்தத் தசையில் உள்ளது, இரத்தக் குழாயையும் நரம்பையும் தொடுகிறதா என்பதை அது காட்டும். ஊசி போட்டபின் உள்ளே இரத்தம் கசிந்தால் படம் தெளிவற்றுப் போகலாம். அதனால்தான் இயன்றவரை படத்தை முன்னதாகவே எடுக்கிறோம்.

அடுத்தது சதைப் பரிசோதனை. மரத்துப்போகும் ஊசி போட்டபின், சற்றுத் தடித்த ஊசியால் கட்டியிலிருந்து மெல்லிய இழை போன்ற சில துண்டுகளை எடுப்பார்கள். மெல்லிய ஊசியால் அணுக்களை உறிஞ்சிப் பார்க்கும் சோதனையும் உண்டு. நெறிக்கட்டி, தைராய்டு போன்றவற்றுக்கு அது பெரிதும் உதவும். சார்கோமாவின் உட்பிரிவை அறிய அணுக்கள் மட்டும் போதாது. அவை அமைந்துள்ள திசுவும் வேண்டும். எனவே, "முன்பே ஊசி குத்தினார்களே, மறுபடியும் ஏன்?" என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி, அதற்கான விடை இதுவே.

"ஊசியோ கத்தியோ பட்டால் நோய் பரவிவிடும்" என்ற அச்சம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. முறையாகத் திட்டமிட்டுச் செய்யும் ஊசிப் பரிசோதனையில் அவ்வாறு நேர்வது மிகவும் அரிது. மேலும், பின்னர் செய்யும் அறுவையில் ஊசி சென்ற பாதையையும் சேர்த்து அகற்றும்படி, அது எங்கே நுழைய வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்படுகிறது. அறுவை செய்யவிருக்கும் மருத்துவரைக் கலந்தே ஊசிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதும் இதனால்தான்.

முடிவு வர ஏன் நாளாகிறது?

எடுத்த துண்டு ஃபார்மலின் திரவத்தில் பதப்படுத்தப்படும். பின்பு மெழுகில் பதிக்கப்பட்டு 'பிளாக்' எனப்படும் சிறு கட்டையாகும். அதை ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு தடிமனில் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிச் சாயமேற்றிய பிறகே நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்க முடியும். பல சார்கோமாக்கள் இந்தச் சாயத்தில் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றைப் பிரித்தறிய, அணுக்களில் உள்ள குறிப்பிட்ட புரதங்களைக் காட்டும் 'இம்யூனோ' சோதனை செய்வார்கள். சில வேளைகளில் மரபணுச் சோதனையும் தேவைப்படும். ஒவ்வொரு படியும் சில நாட்களை எடுத்துக்கொள்ளும்.

இந்த இடைக்காலமே குடும்பத்துக்கு மிகக் கடினமான காலம். 2018 மார்ச் மாதத்தில் இந்தி நடிகர் இர்ஃபான் கான் தமக்கு ஓர் அரிய நோய் இருக்கலாம் என்று அறிவித்தார். சோதனைகள் முடிந்து உறுதியான முடிவு கிடைத்ததும் தாமே தெரிவிப்பதாகவும், அதுவரை யாரும் ஊகிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். ஏறத்தாழ பத்து நாட்களுக்குப் பின்னரே, அது நியூரோஎண்டோகிரைன் கட்டி என்னும் அரிய வகை என்று வெளியிட்டார். வசதியும் புகழும் உள்ளவருக்கும் அந்தக் காத்திருப்பு தவிர்க்க முடியாததாகவே இருந்தது. சரியான பெயர் கிடைக்கும் முன் தொடங்கும் சிகிச்சை தவறான சிகிச்சையாகிவிடலாம்.

அறிக்கையில் "சந்தேகத்துக்குரியது", "மருத்துவக் குறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்", "மேலும் சோதனை தேவை" போன்ற தொடர்களைக் கண்டால் அதைத் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். நல்ல செய்தி என்று எண்ணி வீட்டில் வைத்துவிடவும் வேண்டாம். சோதனை இன்னும் முடியவில்லை என்பதே அதன் பொருள். அறிக்கையைக் கைப்பேசியில் தேடிப் படிப்பதற்கு முன் எங்களிடம் கொண்டுவாருங்கள்.

மறு ஆய்வு என்பது அவநம்பிக்கை அல்ல

அரிய புற்றுநோய்களில், ஸ்லைடுகளை அனுபவம் மிகுந்த மற்றொரு மையத்தில் காட்டுவது நல்ல நடைமுறை. அவ்வாறு கேட்டால் மருத்துவர் வருந்துவார் என்று தயங்க வேண்டாம். புதுச்சேரியில் கோரிமேட்டில் உள்ள ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இயங்குகிறது. சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் உள்ளன. அங்கே செல்லும்போது காகித அறிக்கை மட்டும் போதாது; மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் எழுதிக் கொடுத்துப் பெற்றுச் செல்லுங்கள். இவை இருந்தால் மீண்டும் சதை எடுக்க வேண்டிய நிலை பெரும்பாலும் வராது.

அடையாறு மருத்துவமனை தோன்றியதன் பின்னணியில், பிழையாகக் கணிக்கப்பட்ட ஒரு நோயின் துயரம் உள்ளது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு மலக்குடலில் வந்த புற்றுநோய், தொடக்கத்தில் சீதபேதி என்று தவறாகக் கருதப்பட்டது. உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. 1923-இல் அவர் இறந்தார். அந்த இழப்பே ஒரு புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்ற உறுதியை முத்துலட்சுமி ரெட்டிக்குத் தந்தது. 1954-இல் 12 படுக்கைகளுடன் அது தொடங்கியது. ஒரு மருத்துவரின் வீட்டிலேயே முதல் கணிப்பு தவறியது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். சொல்லப்பட்ட நோய்க்குரிய மருந்தை முறையாக உட்கொண்டும் கட்டியோ உபாதையோ குறையவில்லை என்றால், மருந்தை நீட்டிப்பதோடு நிற்காமல், "வேறு ஏதாவது இருக்கலாமா?" என்று கேளுங்கள். அக்கேள்வியை நாங்கள் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

ஏற்கெனவே அகற்றியிருந்தால்

சிறிய கட்டி என்று வேறோர் இடத்தில் அகற்றி, அதைச் சோதனைக்கு அனுப்பாமல் விட்டவர்களும், அனுப்பிய பின் முடிவை வாங்காமல் விட்டவர்களும் எங்களிடம் வருகிறார்கள். அகற்றிய எந்தக் கட்டியையும் திசு ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள்; தையல் பிரிக்கும் நாளில் முடிவைக் கேட்டு வாங்குங்கள். அதில் சார்கோமா என்றிருந்தால், தழும்பு ஆறிவிட்டது என்று இருந்துவிட வேண்டாம். பிளாக், ஸ்லைடு, டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைக்கு முன் எடுத்த படம் ஆகியவற்றுடன் விரைந்து வாருங்கள். எஞ்சிய அணுக்களை அகற்ற மறு அறுவையும், தேவையானால் கதிர்வீச்சும் அளிக்க முடியும். சார்கோமா என்றாலே கையையோ காலையோ நீக்கிவிடுவார்கள் என்ற அச்சமும் வேண்டாம். இன்று பெரும்பாலான நோயாளிகளுக்கு உறுப்பைக் காத்தே அறுவை செய்யப்படுகிறது.

நோய் உறுதியானால், அது பரவும் முதல் இடம் பெரும்பாலும் நுரையீரல் என்பதால் மார்பு சி.டி. ஸ்கேன் எடுக்கப்படும். அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய துறைகளின் மருத்துவர்கள் ஒன்றுகூடிச் சிகிச்சையை முடிவு செய்வார்கள். சிகிச்சை முடிந்த பின்பும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வர வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று இடையில் நின்றுவிடக் கூடாது.

உடனிருப்போருக்கு

கொழுப்புக் கட்டிதான், அகற்றத் தேவையில்லை என்று மருத்துவர் சொன்னாலும் ஒரு சிறு பணி எஞ்சியிருக்கும். தையற்கார அளவு நாடாவால் மாதம் ஒருமுறை ஒரே ஆள் அளந்து, தேதியுடன் குறித்துவையுங்கள். அளவு கூடினால் அந்தக் குறிப்புடன் வாருங்கள்.

எல்லாச் சீட்டுகளையும் ஒரே பையில், தேதி வரிசையில் வையுங்கள். அடுத்து வர வேண்டிய நாளையும், வர வேண்டிய முடிவு எது என்பதையும் மேலட்டையில் எழுதுங்கள். சொன்ன நாளில் முடிவு வரவில்லை என்றால் தொடர்புகொண்டு கேட்பது உங்கள் உரிமை. ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலும் தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அட்டையையும் ஆதாரையும் முதல் வருகையிலேயே கொண்டுவாருங்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்காகப் பயணம் செய்வோருக்கு மருத்துவமனைச் சான்றின் பேரில் ரயில் கட்டணச் சலுகையும் கிடைக்கும்.

"அப்பாவிடம் சொல்ல வேண்டாம், டாக்டர்" என்று மகனோ மகளோ எங்களைத் தனியே அழைத்துக் கேட்பதுண்டு. அன்பினால் கேட்கிறார்கள் என்பதை அறிவோம். ஆனால் அடுத்த சோதனை எதற்கு என்று தெரியாதவர், அலைச்சல் போதும் என்று அதைத் தவிர்த்துவிடுவார். எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்டு, அந்த அளவுக்கு, எளிய சொற்களில் நாங்கள் எடுத்துச் சொல்கிறோம். அப்போது நீங்களும் அருகில் இருங்கள்.

உங்கள் உடலிலோ வீட்டில் உள்ளவர் உடலிலோ வளரும் கட்டி ஒன்று இருந்தால், தடைக்காலம் வரையோ அறுவடை வரையோ காத்திராமல் இந்த வாரமே புறநோயாளிகள் பிரிவில் காட்டுங்கள். தீங்கற்றது என்று தெரிந்தால் நிம்மதியுடன் வீடு திரும்பலாம். அவ்வாறு இல்லையெனில், உரிய வரிசையில் சிகிச்சையைத் தொடங்கப் போதிய காலம் கையில் இருக்கும்.