தனியாள் கலைகளின் சொற்களும் மொழிபெயர்ப்பும்: திருவனந்தபுரத்துச் சான்றுகள்

திருவனந்தபுரம் நகரின் வடபால் அமைந்த கழக்கூட்டம் மொழியியலார்க்குப் புதிய பெயரன்று. வ. அய். சுப்பிரமணியம் உருவாக்கிய பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளி இதனை அடுத்த மேனங்குளத்தில் அமைந்தது. கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறை அருகிலுள்ள காரியவட்டத்தில் இயங்குகிறது. இவ்வட்டாரத்திலேயே, கின்ஃப்ரா திரைப்படப் பூங்காவினுள், வித்தைக் கலைஞர் கோபிநாத் முதுகாடு முன்னின்று அமைத்த ‘மேஜிக் பிளானட்’ 2014 அக்டோபர் 31 அன்று திறக்கப்பெற்றது. அமெரிக்க வித்தைக்காரர் ஹூடினி மறைந்த நாள் அது. தெருவில் வித்தை காட்டி வந்த பரம்பரைக் கலைஞர்க்கு நிலையான மேடையளிப்பது இவ்வரங்கின் நோக்கங்களுள் ஒன்றாகும். மாங்கொட்டையை மண்ணிலிட்டு மரமாக்கிக் காட்டும் வித்தையும், கிண்ணத்தின் கீழ்ப் பந்தை மறைக்கும் வித்தையும் இங்குக் கட்டடத்துக்குள் புகுந்தன. அவற்றோடு அவற்றுக்குரிய சொற்களும் புகுந்தன. தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவாகத் தோன்றும் இச்சொற்கள் மொழிபெயர்ப்பாளரை ஏமாற்றுவதில் வித்தைக்காரருக்குச் சிறிதும் இளைத்தவை அல்ல.

கிண்ணமும் பந்தும் கொண்டு செய்யும் வித்தையை மலையாளத்தார் ‘செப்பும் பந்தும்’ என்பர். தமிழில் ‘செப்பிடு வித்தை’ என்றும் ‘செப்படி வித்தை’ என்றும் வழங்குவது இதுவே. செப்பு என்பது சிமிழ். தமிழில் இத்தொடர் தன் சிமிழை இழந்துவிட்டது. வரவுசெலவுக் கணக்கிலோ தேர்தல் அறிக்கையிலோ ஏமாற்று இருப்பதாகச் சொல்லவே இன்றைய செய்தித்தாள்கள் அதனை ஆளுகின்றன. ஆகவே கலையைக் குறிக்கும் மலையாளக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்குவோர் ‘செப்படி வித்தை’ என்று எழுதினால், சொல் சரியாயிருந்தும் கலைஞர் மோசடிக்காரராகிவிடுகிறார். ‘செப்பும் பந்தும்’ என்னும் மலையாள வடிவத்தையே தமிழில் ஏற்பது நன்று. இரண்டும் தமிழ்ச் சொற்களே, பழிப்பும் ஒட்டவில்லை.

‘கையடக்கம்’ இன்னும் தெளிவான சான்று. கேரள வித்தைக் கலையின் முன்னோடியாகப் போற்றப்பெறும் வாழக்குன்னம் நீலகண்டன் நம்பூதிரி இதில் பெயர்பெற்றவர். பொருளைக் கைக்குள் ஒடுக்கி, பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பச் செய்யும் திறமே மலையாளத்தில் கையடக்கம். தமிழில் கையடக்கம் என்பது அகராதிக்கும் வானொலிப் பெட்டிக்கும் உரிய அடை. ‘கையடக்க வித்தை’ என எழுதினால் சிறிய அளவிலான வித்தை என்றே தமிழர் கொள்வர். ‘கைத்திறம்’ அல்லது ‘கைவேகம்’ பொருந்தலாம். ஆயினும் வேகம் கண்ணிற்படுமானால் வித்தை தோற்றது என்பதால் பின்னது முற்றும் உகந்ததன்று. ‘கூத்தாடி’ என்னும் சொல்லோ தமிழில் வசை, மலையாளத்தில் கொசுப்புழு. (கழக்கூட்டம் என்னும் ஊர்ப்பெயரைக் கழைக்கூத்தோடு இணைத்துப் பார்க்கும் ஆசை எழக்கூடும். ஒலியொப்புமை தவிர அதற்கு வேறு ஆதாரமில்லை.)

நகருக்குள் வந்தால் சிக்கல் சொல்லளவில் நிற்பதில்லை. 1970-இல் டி. அப்புக்குட்டன் நாயர் முயற்சியால் தோன்றிய மார்கி நிறுவனம் கதகளியையும் கூடியாட்டத்தையும் திருவனந்தபுரத்தில் பேணி வருகிறது. கூடியாட்டத்தோடு உறவுடைய சாக்கியார் கூத்தும் நங்கியார் கூத்தும் தனியொருவர் நிகழ்த்துவன. சாக்கையர் தமிழர்க்கு அயலார் அல்லர். சேரன் செங்குட்டுவன் முன் பறையூர்ச் சாக்கையன், ஓருடம்பிலே உமையொரு பாகனாக நின்று கொட்டிச்சேதம் ஆடியதைச் சிலப்பதிகாரத்து நடுகற் காதை கூறுகிறது. சோழர் கல்வெட்டுகள் சாக்கைக் கூத்துக்கு நிலமளித்ததைக் குறிக்கின்றன. ஆனால் தமிழில் கூத்து ஆடப்படுவது. மலையாளத்தில் சாக்கியார் கூத்து ‘பறய’ப்படுவது. தலைப்பாகை அணிந்து, மிழாவின் ஒலிக்கிடையே வடமொழிச் சுலோகத்தைச் சொல்லி, அதனை மலையாள உரைநடையில் விரித்து, அவ்விரிவுக்குள் அன்றைய ஊர்ச் செய்தியையும் அவையோரையும் இழுத்துவருவது சாக்கியாரின் தொழில். ‘சாக்கியார் ஆடினார்’ எனத் தமிழாக்குவது பேச்சுக் கலையொன்றை நடனமாக்கிவிடுகிறது.

இதற்கு நேர்மாறானது ‘பகர்ந்நாட்டம்’. ஒரே நடிகர், ஒப்பனை மாற்றாமல், ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறி மாறி நடிப்பதை இச்சொல் குறிக்கும். நங்கியார் கூத்தில் ஒருத்தியே கண்ணனாகவும் கம்சனாகவும் தோன்றுவது இம்முறையால். இப்பாங்கில் தேர்ந்த மார்கி சதி 2015-இல் மறைந்தார். மலையாளத்தில் பகர்தல் என்பது ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றுதல், இடமாறுதல். தமிழில் பகர்தல் சொல்லுதலாகும். எனவே ‘பகர்ந்தாட்டம்’ எனத் தமிழ்ப்படுத்தினால், பெரிதும் வாய் திறவாமல் கையாலும் கண்ணாலும் நிகழ்வதைப் ‘பேசியாடுதல்’ எனக் கொள்ள நேரும். ‘வேற்றாளாடல்’, ‘மாறாட்டம்’ என்பனவற்றுள் ஒன்றைக் கொள்ளலாம். ‘மாறாட்டம்’ ஆள்மாறாட்டத்தை நினைவூட்டுவது குறையே.

இவையெல்லாம் சொற்பட்டியலால் தீர்பவை. சாக்கியாரின் மலையாள உரையில் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் உண்மையான இடர் வினைமுற்றில் உள்ளது.

சாக்கியார் அவையிலிருப்பவரைக் கதைக்குள் இழுக்கும்போது பெரும்பாலும் பெயர் சொல்வதில்லை. இராவணன் அவையில் அனுமன் பேசுவதாகத் தொடங்கி, முன்வரிசையில் இருப்பவரை நோக்கித் திரும்புவார். சொல்லப்படுவது இராவணனுக்கா, அவருக்கா என்பது திறந்தே கிடக்கும். கேட்பவர் மறுமொழி கூறலாகாது என்பது மரபு. கூறினால் குற்றம் தமக்கே உரியது என ஒப்புக்கொண்டதாகும். இவ்விருபொருளைத் தாங்கி நிற்பது நடிப்பு மட்டுமன்று, மலையாள இலக்கணமும் ஆகும். மலையாள வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும் விகுதிகளை இழந்துவிட்டது. எடுத்துக்காட்டாக ‘இன்னலெ இவிடெ வந்நு, வயறு நிறச்சு உண்டு, ஒந்நும் மிண்டாதெ போயி’ என்னும் தொடரை நோக்குக. வந்தவன் யார்? அவனா, அவளா, நீரா, நானா? எழுவாய் சொல்லப்படாதவரை அனைத்தும் பொருந்தும். தமிழில் ‘வந்தான்’ என்றால் கதை மாந்தன். ‘வந்தீர்’ என்றால் முன்வரிசைக்காரர். விகுதியைத் தேர்ந்த அக்கணமே நகை மாய்ந்து, எஞ்சுவது வெறும் கதையோ வெறும் வசையோ ஆகிறது.

பன்மை விகுதியிட்டு ‘வந்தார்’ எனல் பாதி வழியே; முன்னிலை அதிலும் அடங்காது. தமிழின் தொழிற்பெயரே இங்கு உதவுகிறது. ‘நேற்று இங்கு வந்ததும் உண்டு, வயிறு நிறையத் தின்றதும் உண்டு, ஒரு சொல் சொல்லாமல் போனதும் உண்டு’ என அமைத்தால் இடமும் பாலும் மறைகின்றன. அவ்வமைப்பு ஊர்ப் பஞ்சாயத்தில் பெயர் சொல்லாமல் குத்திக்காட்டும் பேச்சு வழக்கையும் ஒத்திருக்கிறது. ‘வேண்டும்’, ‘இல்லை’, ‘தெரியாது’ முதலிய, விகுதி ஏலாத சொற்களும் இவ்வாறே பயன்படும். இவ்வமைப்பைப் பத்துத் தொடர்க்கு மேல் நீட்டினால் சலிப்புத் தட்டும் என்பது உண்மை. எனினும் இருபொருள் உயிரான இடங்களில் மட்டும் இதனை ஆண்டு, ஏனைய இடங்களில் இயல்பான வினைமுற்றுக்குத் திரும்பலாம்.

‘மனோதர்மம்’ பற்றியும் ஒன்று கூறவேண்டும். நடிகர் அவ்வப்போது புனைந்து சேர்ப்பதை இரு மொழியாரும் இச்சொல்லால் குறிப்பர். மேலை நாடகச் சொல்லாட்சியைப் பின்பற்றி ‘முன்தயாரிப்பற்ற நடிப்பு’ எனப் பெயர்த்தெழுதுவது தவறு. விதூடகன் அறம் முதலிய நான்கு உறுதிப் பொருள்களை நகையாக்கி விளக்கும் பகுதியில் அவற்றின் இடத்தில் உண்டி, களியாட்டு, அரச சேவை, வஞ்சனை என்பன வந்து அமர்கின்றன. இவ்வமைப்பு நிலையானது, நாயகன் கூறும் சுலோகத்துக்கு எதிராகச் சொல்லப்படும் நகைச் சுலோகமும் பயின்று பெற்றது. அன்றைய அவைக்கேற்ற உவமை மட்டுமே புதியது. தயாரிப்பின்மை அன்று, தயாரிப்பின் மிகுதியே இங்கு உரிமையைத் தருகிறது.

கதாப்பிரசங்கத்தில் நிலைமை வேறு. 1924-இல் சி. ஏ. சத்தியதேவன் குமாரன் ஆசானின் ‘சண்டாலபிட்சுகி’யை எடுத்துரைத்ததிலிருந்து தொடங்கிய இக்கலையைச் சமயக் காலட்சேபத்தோடு ஒன்றாக்கலாகாது. இதனை நிகழ்த்தும் ‘காதிகன்’ பாகவதர் அல்லர். வி. சாம்பசிவன் (1929-1996) ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவையும், டால்ஸ்டாயின் நாடகமொன்றை ‘அனீசியா’ என்னும் பெயரிலும் கோயில் திடல்களில் பல்லாயிரவர் முன் தனியொருவராகச் சொன்னார். மொழிபெயர்ப்பு வரலாற்றில் இவருக்கு இடமில்லாமை வியப்பே. நூல் வடிவில் இல்லாததை மொழிபெயர்ப்பாகக் கொள்ளாத பழக்கமே இதற்குக் காரணம் எனலாம்.

பலகுரல் கலை பற்றிச் சுருங்கக் கூறின் போதும். கொச்சி கலாபவனின் ‘மிமிக்ஸ் பரேடு’ 1981-இல் தொடங்கிய பின் மலையாள மேடைகளில் திருவனந்தபுர வட்டார வழக்கு நகைக்குரிய குரலாகப் பரவிற்று. ‘எந்தரு’, ‘அப்பி’ என்பன கேட்டவுடன் அவை சிரிக்கும். இவற்றுக்கு நாஞ்சில் வழக்கை ஈடாக்குவது நிலவியல்படி அண்மையானது. ஆனால் தமிழ்ப் பார்வையாளர்க்கு நாஞ்சில் வழக்கு சிரிப்பைவிட அன்பையும் இலக்கிய மதிப்பையும் தருவது. எனவே அது பொருந்தாது.

சொல்தேர்வு கலைஞரின் பிழைப்பைத் தொடும் இடமும் உண்டு. பம்பாய் இரத்தல் தடுப்புச் சட்டம், 1959, பொதுவிடத்தில் பாடுதல், ஆடுதல், குறிசொல்லுதல், நிகழ்த்துதல் முதலியவற்றைச் சாக்கிட்டுப் பொருள் பெறுவதையும் இரத்தல் என வரையறுத்தது. இச்சட்டம் தில்லிக்கும் நீட்டிக்கப்பெற்றது. வித்தைக்காரரும் பொம்மலாட்டக்காரரும் வாழ்ந்த அந்நகரின் கட்புத்லி குடியிருப்பு 2017-இல் இடிக்கப்பட்டது. 2018-இல் தில்லி உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் பல பிரிவுகளைத் தில்லியளவில் செல்லாதவையாக்கிற்று. இவ்வரையறையைத் தமிழாக்குவோர்முன் இரு சொற்கள் உள்ளன. ஆங்கில மூலத்தின் பொதுச்சொல்லை ‘நிகழ்த்துதல்’ என்றால் சட்டம் யாரைக் குறிக்கிறது என்பது மங்கலாக இருக்கும். ‘வித்தை காட்டுதல்’ என்றால் வாசகர்க்குத் தெளிவாகும். மூலத்தில் தனியே சுட்டப்படாத தெரு வித்தைக்காரர் தமிழ்ப் பிரதியில் பெயரோடு குற்றவாளியாவார். சட்டத் தமிழாக்கத்தில் மங்கலான சொல்லே இங்கு மூலத்துக்கு உண்மையானது.