மூன்று நாள், நாலு பேர், 12,000 ரூபாய்

எங்கள் வீட்டுப் படியில் நின்று அளந்தால் கடல் மூன்று: பூவாறு சுமார் 12 கிலோமீட்டர், கோவளம் 27, கன்னியாகுமரி 56. பாறசாலை ரயில் நிலையத்துக்கு நடந்தே போகிற தூரத்தில் வீடு. இப்படி இருந்துகொண்டு ‘கடற்கரைக்கு டூர் போகிறோம்’ என்று பக்கத்து வீட்டில் சொல்லவே கூச்சமாக இருக்கும். ஆனால் பக்கத்தில் இருக்கிற கடலுக்குத்தான் நாம் போவதே இல்லை. இந்த முறை நோட்டைத் திறந்து, கோடு போட்டு, கணக்கு எழுதிவிட்டேன். நாலு பேர்: நான், மனைவி, 14 வயது மகன், அம்மா.

முதல் தலைவலி பணம் அல்ல, தேதி. மனைவிக்கு மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளியில் வேலை. மகன் படிப்பது நெய்யாற்றின்கரையில். இடையில் ஒரு மாநில எல்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்ற நாலு தாலுகாவும் சென்னை மாநிலத்துக்குப் போயின. தமிழர்கள் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அதன் பலனை எங்கள் வீட்டு நாள்காட்டியில் பார்க்கலாம். 2026 பொங்கலுக்குத் தமிழ்நாட்டில் ஜனவரி 15 வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நாலு நாள். கேரளத்திலோ எல்லையோர ஆறு மாவட்டங்களுக்கு ஒரே ஒரு நாள். ஓணம் வந்தால் தலைகீழ்: மகனுக்குப் பத்து நாள், மனைவிக்கு உள்ளூர் விடுமுறை ஒரு நாள், அதையும் ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை வேலை. ஆக, இரு பக்கமும் சேர்ந்து மூடும் நாள்தான் எங்களுக்கு விடுமுறை. அக்டோபர் 2, காந்தி ஜயந்தி, 2026-இல் வெள்ளிக்கிழமை. மூன்று நாள் சேர்ந்து கிடைக்கிறது. அதே மாதம் பூஜை விடுமுறையும் உண்டு. ஆனால் அக்டோபர் இருபதை ஒட்டித்தான் துலாமழை இறங்கும். நனைந்த துணியோடு லாட்ஜ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார நான் தயாரில்லை.

அடுத்தது தங்கும் இடம். எழுதிப் பார்த்தபோது நானே நம்பாத வரி இதுதான். கோவளத்தில் நடுத்தரமான ஓர் இடத்தில் போனில் கேட்டேன். அறை ₹4,500, கூடுதல் கட்டிலுக்கு ₹800. இரண்டு இரவுக்கு ₹10,600. அதன் மேல் 5 சதவீத ஜிஎஸ்டி ₹530. மொத்தம் ₹11,130. (2025 செப்டம்பர் 22-க்கு முன் என்றால் வரி 12 சதவீதம், ₹1,272 ஆகியிருக்கும். 7,500 ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்குத்தான் இந்தக் குறைப்பு.) வீட்டிலிருந்து 27 கிலோமீட்டர் தள்ளி இரண்டு இரவு தூங்குவதற்கு இந்தப் பணம். அரை மணிக்கு ஒருமுறை பஸ் இருக்கிற ஊரில் இது கட்டாது.

அதனால் ஒரே ஓர் இரவு மட்டும் வெளியே என்று முடிவு செய்தேன், அதுவும் கன்னியாகுமரியில். அங்கே சூரிய உதயம் பார்க்க வேண்டும். அக்டோபர் முதல் வாரத்தில் உதயம் காலை 6:07-ஐ ஒட்டி. பாறசாலையிலிருந்து அந்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமானால் மூன்றரை மணிக்கு அம்மாவை எழுப்ப வேண்டும், யார் எழுப்புவது? அறை ₹2,500, கூடுதல் கட்டில் ₹500, வரி ₹150. ₹3,150. மற்ற இரண்டு இரவும் சொந்தத் தலையணை.

சொன்ன விலையை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன். முன்பொரு ஓணத்துக்கு வேறொரு லாட்ஜில் போனில் ₹1,800 என்றார்கள். பெட்டியோடு போய் நின்றபோது ₹3,000 ஆகியிருந்தது. ‘சீசன்’ என்றார் கவுண்டரில் இருந்தவர், நிமிர்ந்து பார்க்காமலே.

வெள்ளிக்கிழமை காலை ரயில். 1979-இல் திறந்த பாதை இது. கேரளத்தின் தெற்குக் கடைசி நிலையம் பாறசாலைதான். அங்கிருந்து கன்னியாகுமரிக்கு 56 கிலோமீட்டர். அகஸ்தியமலையில் பிறந்து பூவாற்றில் கடலைத் தொடும் நெய்யாற்றின் நீளமும் அதே 56. ஒரு முழு நதி அளவுக்குப் பயணம் செய்ய, பாசஞ்சரில் ஆளுக்கு ₹20 என்று தாராளமாகவே எழுதியிருக்கிறேன். மிச்சம் வந்தால் சாயாவுக்கு. குறைந்தபட்சக் கட்டணத்தை ₹30-இலிருந்து மறுபடி ₹10 ஆக்கியது 2024-இல். எக்ஸ்பிரஸில் ஏறினால் ஆரம்பமே ₹30. நாலு பேருக்கு ₹80. ஸ்டேஷனிலிருந்து அம்மாவுக்காக ஆட்டோ, ₹100.

மதியத்துக்குள் காந்தி மண்டபத்தில் இருக்க வேண்டும். காந்தியின் அஸ்திக் கலசம் வைத்திருந்த இடத்தில், அக்டோபர் 2 அன்று உச்சிவேளையில் கூரைத் துளை வழியே வெயில் விழும்படி கட்டிய மண்டபம் அது. ஒரு சின்னக் கணக்கு: இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு உரியது, கன்னியாகுமரி 77.5-இல் இருக்கிறது. அதனால் சூரியன் 20 நிமிடம் தாமதம். அக்டோபர் தொடக்கத்தில் அதில் 11 நிமிடத்தை அவரே ஈடுகட்டிவிடுவார். ஆக, உண்மையான உச்சி 12:09-ஐ ஒட்டி. 12 மணிக்கு எட்டிப் பார்த்துவிட்டு ஓடாமல் பத்து நிமிடம் நிற்பவர்களுக்கே முழு வெளிச்சம்.

சனிக்கிழமை உதயம் பார்த்த கையோடு படகுத் துறை. விவேகானந்தர் பாறை 1970-இல் திறந்தது. பக்கத்தில் 2000 ஜனவரி 1 முதல் நிற்கும் வள்ளுவர். அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்கு 38 அடி பீடம், மற்ற 95-க்கு 95 அடி உருவம், மொத்தம் 133. இரண்டு பாறைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30-இல் திறந்த கண்ணாடிப் பாலம்: 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், செலவு 37 கோடி. வகுத்துப் பார்த்தால் மீட்டருக்கு 48 லட்சம். மகனின் ஒரு காலடிக்கு முப்பது லட்சத்துக்கு மேல். ‘மெதுவா நட’ என்று சொல்லி வைத்திருக்கிறேன். படகு, நுழைவு எல்லாம் சேர்த்து ஆளுக்கு ₹150 ஒதுக்கியதில் ₹600.

திரும்புவது பஸ்ஸில், தக்கலையில் இறங்கி பத்மநாபபுரம் அரண்மனை பார்த்துவிட்டு. தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் சாவி கேரள அரசிடம் இருக்கும் அரண்மனை அது; திங்கள் மூடல், மதியம் ஒன்றிலிருந்து இரண்டுவரை இடைவேளை. நுழைவுக்கும் கேமராவுக்கும் ₹300. நவராத்திரிக்கு அங்கிருந்து சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் எங்கள் பாறசாலை வழியாகத்தான் திருவனந்தபுரம் போவார்கள். வழியில் குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு. சாமிகளுக்கே இரண்டு இரவு தேவைப்படுகிற பாதையை நாங்கள் ஓர் இரவில் முடிக்கிறோம்.

எல்லை ஊர்க்காரனுக்கு மட்டும் கிடைக்கும் ஒரு வேடிக்கை பஸ் கட்டணத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் புறநகர் சாதாரண பஸ் கிலோமீட்டருக்கு 58 பைசா, 2018-இலிருந்து. கேரளத்தில் 2022 மே 1-இலிருந்து முதல் இரண்டரைக் கிலோமீட்டருக்கு ₹10, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு ₹1. கன்னியாகுமரியிலிருந்து களியக்காவிளைக்குச் சுமார் 55 கிலோமீட்டர்: தக்கலைவரை ₹21, பிறகு ₹11, ஆளுக்கு ₹32. கேரளக் கட்டணத்தில் அதே தூரம் ₹63. களியக்காவிளையில் இறங்கி கேரள பஸ் ஏறினால் பாறசாலைக்கு மூன்று கிலோமீட்டர்தான், ஆனால் அடுத்த ஸ்டேஜ் என்பதால் ₹13. நாலு பேருக்கு முதல் பகுதி ₹128, இரண்டாவது ₹52. வழியில் சாதாரணக் கட்டண டவுன் பஸ் மாட்டினால் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. கண்டக்டர் கிழித்துத் தரும் அந்தச் சீட்டை அம்மா நாலாக மடித்து முந்தியில் முடிந்துகொள்வாள். ஏன் என்று கேட்டால், “பைசா குடுத்த டிக்கெட்டுக்கு நம்ம கை சாட்சி. குடுக்காததுக்கு இதுதானே மக்களே சாட்சி” என்பாள்.

கார் வைத்திருக்கும் மச்சான் ஒருவர், ‘களியக்காவிளையில் பெட்ரோல் போடு, லிட்டருக்கு அஞ்சு ரூபாய் லாபம்’ என்று எல்லாருக்கும் சொல்லித் திரிகிறார். கேரளம் 2023 ஏப்ரலில் லிட்டருக்கு ₹2 செஸ் போட்டதிலிருந்து இந்தப் பேச்சு கூடிவிட்டது. கணக்குப் பார்ப்போம். போக வர 6 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 ஓடும் கார் 0.4 லிட்டர் குடிக்கும், ஏறக்குறைய ₹41. அஞ்சு லிட்டர் போட்டால் லாபம் ₹25. ஆக ₹16 நஷ்டம். எட்டேகால் லிட்டர் தாண்டினால்தான் கை கடிக்காது. 35 லிட்டர் நிரப்பினால் ₹134 மிச்சம். மச்சான் எப்போதும் 500 ரூபாய்க்குத்தான் போடுவார்.

ஞாயிறு வடக்கே. பூவாற்றுக்கு பஸ் ₹20 வீதம் ₹80. பொழியில், அதாவது ஆறு கடலைத் தொடும் மணல்திட்டில், குளிக்க இறங்கக் கூடாது. இழுப்பு வெளியே தெரியாது. அங்கே படகுதான். போன தடவை வள்ளக்காரர் ஒரு மணி நேரத்துக்கு “ரண்டாயிரத்தி அஞ்ஞூறு” என்றார் மலையாளத்தில். அம்மா தமிழில், “ரெண்டாயிரத்துக்கு மேல ஒரு பைசா கெடையாது” என்றாள். அவர் மலையாளத்தில் சிரித்தார், இவள் தமிழில் படகில் ஏறிவிட்டாள். இரண்டாயிரத்துக்கே முடிந்தது. இந்த முறையும் அதே ₹2,000.

பிறகு கடலோரச் சாலையில் ஆழிமலை: பாறைமேல் 58 அடி சிவன், பார்க்கக் காசில்லை. கொஞ்சம் வடக்கே விழிஞம் துறைமுகத்தின் கிரேன்கள். 2025 ஜூனில் அங்கே வந்து கட்டிய எம்எஸ்சி ஐரினா என்ற கப்பலின் நீளம் கிட்டத்தட்ட 400 மீட்டர். நம் கண்ணாடிப் பாலத்தை அஞ்சு தடவை அடுக்கினாலும் மிச்சம் இருக்கும். அதற்கு முந்தைய மாதம் விழிஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எல்சா 3 கப்பல் 640 பெட்டிகளோடு மூழ்கியது. வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரம் கரையிலும் குமரிக் கரையிலும் ஒதுங்கின. ஜவ்வரிசி போல இருக்கும். மணலில் கை விட்டு அளைகிற பையனிடம் இதையும் சொல்லித்தான் கூட்டிப்போக வேண்டும்.

கோவளத்தில் 1972-இலிருந்து நிற்கும் 36 மீட்டர் கலங்கரை விளக்கத்துக்கு ₹200. பூவாற்றிலிருந்து ஆழிமலையில் இறங்கி ஏறி இதுவரை பஸ் ₹132. இரவு ஈரத்துணியும் மணலுமாகப் பஸ் மாறி ஏற அம்மாவால் முடியாது. டாக்சி, அரசுக் கட்டணப்படி அஞ்சு கிலோமீட்டருக்கு ₹200, மீதி 22-க்கு 18 வீதம் ₹396, ஆக ₹596. திரும்பிக் காலியாகப் போக வேண்டும் என்பார், ₹800 எழுதிவிட்டேன். ஆட்டோ மலிவுதான், ஆனால் மூன்று பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. நாலு பேர் குடும்பத்துக்கு இரண்டு ஆட்டோ.

சாப்பாடு மூன்று நாளும் முறையே ₹1,280, ₹1,070, ₹1,150. ஞாயிறு மதியத்துக்கு மீன்கறிச் சோறு ஆளுக்கு ₹250 என்பது என் ஆசை. மனைவி ₹150-இல் நிற்கிறாள். மரச்சீனியும் சாளைக் கறியும் வீட்டில் இல்லாததா என்று கேட்கிறாள். இல்லாததல்ல, கடலைப் பார்த்துக்கொண்டு இல்லை.

கூட்டல்:
பயணம் ₹1,372
படகு, நுழைவு ₹3,100
அறை ₹3,150
சாப்பாடு ₹3,500
ஆக ₹11,122

கோவளத்தில் கேட்ட இரண்டு இரவு வாடகையைவிட எட்டு ரூபாய் குறைவு. அறை வாடகை ஒன்றுக்கே கேட்ட பணத்தில் மூன்று கடலும் ஓர் அரண்மனையும் ஒன்பது வேளையும் முடிகிறது. மேலே ₹878 ‘சில்லறை’ என்று போட்டு ₹12,000 ஆக்கியிருக்கிறேன். கணக்கு முழுசாகத் தெரிய நான் செய்த தில்லுமுல்லு அது.

நோட்டைப் பார்த்த அம்மா அந்த ஒரு வரியில்தான் விரலை வைத்தாள். சனிக்கிழமை பஸ் மார்த்தாண்டத்தில் நிற்கும்போது மட்டிப்பழம் ஒரு சீப்பு, நெத்திலிக் கருவாடு அரைக் கிலோ. கருவாட்டை டாக்சியில் வைத்தால் டிரைவர் சண்டைக்கு வருவார் என்றேன். “டாக்சி ஞாயித்துக்கிழமைதானே. கருவாடு சனிக்கிழமையே வீட்டுக்கு வந்துருமே” என்றாள். சரிதான். வரியில் எழுதிவிட்டேன்.