காவலுக்கு ஒரு கருவி – 9: எண்ணெய்க்கு முன்னால் கண்

துப்பாக்கியைத் துடைக்கும்போது வெடித்துவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் பழி துடைக்கும் வேலைமேல் விழுகிறது. அது சரியல்ல. காலி என்று நம்பி எடுத்த துப்பாக்கிக்குள் ஒரு தோட்டா இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஜலகண்டாபுரம், நங்கவள்ளி, மேச்சேரி பக்கத்தில் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்து வங்கி வாசலில் 12 போர் இரட்டைக்குழலோடு காவல் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மடக்கித் திறந்தால் இரண்டு குழலின் அடியும் கண்ணுக்கு நேரே தெரியும். கான்பூரில் செய்யும் .32 ரிவால்வர்களில் பலவும் மேலே பிளந்து திறப்பவைதான். ஆறு துளையையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம்.

பிஸ்டல் அப்படிக் காட்டிக்கொடுக்காது. முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும், பிறகுதான் ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் என்ன ஆகும்? ஸ்லைடை இழுத்ததும் குழலின் அடியில் உள்ள அறையில் இருந்த தோட்டா தெறித்து வெளியே விழும். பார்ப்பவருக்கு நிம்மதி. ஆனால் ஸ்லைடு முன்னால் போகும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ளிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு மேகசினைக் கழற்றி என்ன பயன்? ஆகவே மேகசினைக் கழற்றிய பிறகே ஸ்லைடைப் பின்னால் நிறுத்திப் பூட்டி, வெளிச்சத்தில் அறைக்குள் பார்த்து, சுண்டுவிரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். தோட்டாக்கள் வீட்டின் வேறு அறைக்குப் போன பிறகே துணியை எடுக்கலாம்.

மேகசின் இல்லாவிட்டால் பிஸ்டல் வெடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். இஷாப்பூரில் செய்த 9 மி.மீ. பிஸ்டலில் அப்படி ஒரு தடுப்பு உண்டு. எல்லாப் பிஸ்டலிலும் கிடையாது. அந்த நம்பிக்கையோடு வேறொரு பிஸ்டலைத் தொட்டால் ஆபத்து.

மற்றதெல்லாம் எளிது. குழலைப் பின்பக்கமிருந்து பிரஷ்ஷால் தேய்த்து, துணி கறுக்காமல் வரும்வரை துடைத்தால் போதும். எண்ணெய் மட்டும் மெல்லிய பூச்சாக இருக்கட்டும். தறி ஓடும் ஊரில் காற்றில் பஞ்சு பறக்கும். எண்ணெய் வழிந்தால் பஞ்செல்லாம் அதில் ஒட்டிப் பசையாகி ஸ்லைடைத் தடுக்கும். உள்ளங்கை வியர்வையின் உப்பும் இரும்பைத் தின்னும். தோல் உறையிலேயே போட்டுப் பல மாதம் வைப்பதும் கூடாது, தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

கவனக்குறைவுக்குச் சட்டமும் தண்டனை வைத்திருக்கிறது. அலட்சியமாகச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 2019-இல் திருத்திய ஆயுதச் சட்டம்.

தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். திரும்ப வாங்கும்போது குழலில் துரு இருக்கிறதா என்று பார்க்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அதற்கு முன், அங்கேயே, ஏட்டையா சோதித்துத் தந்திருந்தாலும் மேகசினைக் கழற்றி அறையைப் பார்த்துவிடுங்கள்.

(தொடரும்)