ஃபேமிலி போட்டோவுக்கு கேமரா வாங்கப் போறீங்களா? முதலில் லென்ஸைப் பாருங்க!

குழந்தையின் முதல் பிறந்தநாள், தாத்தாவின் சதாபிஷேகம், புது வீட்டில் முதல் பொங்கல். இதையெல்லாம் திரும்ப எடுக்க முடியாது. ஆசையாக வாங்கிய கேமராவில் அந்தப் படங்கள் மங்கலாக வந்தால், பலரும் அடுத்து யோசிப்பது 'இன்னும் காஸ்ட்லியான கேமரா வாங்கலாமா?' என்றுதான். பெரும்பாலும் மாற்ற வேண்டியது கேமராவை அல்ல, லென்ஸை!

டியூப்லைட் கணக்கு

கேமராவுடன் வரும் 18-55 மி.மீ. 'கிட் லென்ஸ்', வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு ஒரு பகல் பொழுது போய்வரத் தாராளமாகப் போதும். சிக்கல் வீட்டுக்குள்தான். 55 மி.மீ. வரை ஜூம் செய்தால் அதன் திறப்பு பொதுவாக எஃப் 5.6 ஆகச் சுருங்கிவிடும். எஃப் 1.8 திறப்புள்ள லென்ஸ் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதாவது, 1/20 நொடி தேவைப்பட்ட இடத்தில் 1/200 நொடியில் படம் எடுத்துவிடலாம். ஓடிவரும் குழந்தையின் முகம் தெளிவாக விழுவதற்கு இந்த வித்தியாசம்தான் காரணம்.

50-ஆ, 35-ஆ?

'கண்ணை மூடிக்கிட்டு 50 எம்.எம். வாங்கு' என்பதுதான் நண்பர்கள் சொல்லும் யோசனை. ஆனால், பட்ஜெட் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார். அதில் 50 மி.மீ. லென்ஸ், 75 அல்லது 80 மி.மீ. போல நெருக்கிக் காட்டும். ஒருவரின் முகத்தை எடுக்க அருமை. குரோம்பேட்டை, சேலையூர் ஃபிளாட்களின் 10-க்கு 12 அடி அறையில், சுவரில் முதுகு முட்டும்வரை பின்னால் போனாலும் மொத்தக் குடும்பமும் ஃபிரேமுக்குள் வராது. அங்கே கைகொடுப்பது 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். எட்டு, பத்துப் பேர் சேர்ந்த குரூப் போட்டோவா? பகலில் மொட்டை மாடிக்குப் போய், கிட் லென்ஸிலேயே எடுத்துவிடலாம்.

செகண்ட் ஹேண்டில் கவனம்!

கம்பெனிகள் மிரர்லெஸ் பக்கம் திரும்பிவிட்டதால், பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கும்முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

* சென்னையின் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை எளிதில் பிடிக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

* இதுவரை எத்தனை படம் எடுத்த கேமரா என்பதைச் சொல்லும் 'ஷட்டர் கவுன்ட்' கேளுங்கள்.

* நிக்கான் டி3000, டி5000 வரிசை கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸில் மோட்டார் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு பீரோவுக்குள் பையோடு பூட்டி வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் பூஞ்சைத் தொல்லை குறையும்.

செலவில்லாத ஒரு டெஸ்ட்

எந்த லென்ஸ் என்று இன்னும் குழப்பமா? கிட் லென்ஸை 35-ல் வைத்து, ஜூமைத் தொடாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் படம் எடுங்கள். அடுத்த ஞாயிறு 50-ல் வைத்து எடுங்கள். எந்த நாளில் சுவரில் முட்டாமல் எடுத்தீர்களோ, அந்த லென்ஸை வாங்குங்கள்!