மூன்று எழுத்து... 40 முறை! மூளையை முடக்கும் ஹன்டிங்டன் நோய்

வெனிசுலாவில் மரகைபோ ஏரியை ஒட்டிய மீனவக் கிராமங்களில் ஒரு நோய் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. நன்றாக வலை வீசிக்கொண்டிருந்தவருக்கு 35, 40 வயதில் கை கால்கள் தானாக ஆடத் தொடங்கும். கோபம் கூடும், ஞாபகம் குறையும், பேச்சு குழறும். ஊர்க்காரர்கள் அதை 'எல் மால்' என்பார்கள். 'கெட்டது' என்று அர்த்தம். மருத்துவர்கள் வைத்த பெயர், ஹன்டிங்டன் நோய்.

1979-ல் அங்கு ஆய்வுக்குப் போனார் அமெரிக்க உளவியலாளர் நான்சி வெக்ஸ்லர். நோய் அவருக்குப் புதிதல்ல. தாத்தா, மூன்று மாமன்கள், அம்மா என எல்லோருக்கும் அதே நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைக்கு வர 50 சதவிகித வாய்ப்பு உண்டு. அதாவது, நான்சிக்கும்!

வருடா வருடம் அங்கு போன அவரது குழு, 4,000-க்கும் மேற்பட்டவர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தது. அதன் உதவியோடு, கோளாறு 4-வது குரோமோசோமில் இருப்பது 1983-ல் தெரிந்தது. 1993-ல் அந்த மரபணுவே கையில் சிக்கியது.

செல்லுக்குள் என்ன நடக்கிறது?

டி.என்.ஏ-வில் மொத்தம் நான்கே எழுத்துகள்: ஏ, டி, சி, ஜி. இந்த மரபணுவில் 'சி-ஏ-ஜி' என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். 26 முறை வரை வந்தால் பிரச்னையில்லை. 36-லிருந்து 39 வரை என்றால் நோய் வரலாம், வராமலும் போகலாம். 40-ஐத் தொட்டால், வழக்கமான ஆயுளுக்குள் நோய் வந்தே தீரும்.

இந்த மரபணு 'ஹன்டிங்டின்' என்ற புரதத்தைத் தயாரிக்கிறது. எழுத்துகள் கூடக் கூட, புரதமும் நீளும். புடவைக் கொசுவம் மாதிரிதான் புரதமும். சரியாக மடிந்தால்தான் வேலைக்கு ஆகும். நீளம் மிஞ்சினால் மடிப்பு நிற்காது. அப்படிக் கலைந்த புரதம் துண்டு துண்டாக உடைந்து, செல்லுக்குள் கட்டி கட்டியாகச் சேர்கிறது. மற்ற மரபணுக்களின் வேலை தடுமாறுகிறது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவும் பாதிக்கப்படுகிறது. அசைவைக் கட்டுப்படுத்தும் 'ஸ்ட்ரையேட்டம்' பகுதியின் நரம்பு செல்கள்தான் முதலில் சாகின்றன.

பிறவிக் கோளாறு 40 வயதில் வெளிப்படுவது ஏன்?

2025 ஜனவரியில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. பிறக்கும்போது 40 சொச்சமாக இருக்கும் எண்ணிக்கை அப்படியே நிற்பதில்லை. ஸ்ட்ரையேட்டம் செல்களுக்குள் பல வருடங்களாக மெள்ள மெள்ள ஏறுகிறது, பிறகு வேகம் பிடிக்கிறது. 150-ஐத் தாண்டும்வரை செல் பெரிய பாதிப்பின்றி வேலை பார்க்கிறது. தாண்டிய பிறகுதான் சீரழிகிறது. எல்லா செல்களும் ஒரே நாளில் அந்த எல்லையைத் தொடுவதில்லை. அதனால்தான் நோய் படிப்படியாக முற்றுகிறது.

இதில் ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. எண்ணிக்கை ஏறும் வேகத்தைக் குறைக்க முடிந்தால், நோயைப் பல வருடங்கள் தள்ளிப்போடலாம். அந்த வழியில் ஆய்வுகள் நடக்கின்றன. இப்போதைக்கு, கை கால் ஆட்டத்தைக் குறைக்க மருந்துகள் உண்டு. நோயை நிறுத்தும் மருந்து இல்லை.

தெரிந்துகொள்வதா, வேண்டாமா?

மரபணு கிடைத்த பிறகு, ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே விடை தெரிந்துவிடும். ஆனால், அந்தக் கண்டுபிடிப்புக்கு வழிவகுத்த நான்சியே பரிசோதனை செய்துகொள்ளவில்லை. தடுக்க வழியில்லாத ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் வாழ்க்கை என்னாகும் என்பது சாதாரணக் கேள்வி இல்லையே! 2020-ல், 74 வயதில், தனக்கும் அந்த நோய் இருப்பதை அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

திருமணம், குழந்தை, வேலை என எல்லாவற்றையும் தொடும் முடிவு இது. அதனால்தான், பரிசோதனைக்கு முன்பும் பின்பும் மரபணு ஆலோசனை அவசியம் என்கிறார்கள் மருத்துவர்கள். குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பரிசோதனை செய்துகொள்வதா, வேண்டாமா என்பதைச் சம்பந்தப்பட்டவரே முடிவு செய்யட்டும். மாமியாரோ, மாப்பிள்ளை வீட்டாரோ அல்ல!