128 பைட்டில் தொலைந்த பாடகர்கள்

என் லேப்டாப்பில் "பாட்டு" என்று ஒரு ஃபோல்டர் இருக்கு. ஹாஸ்டலில் ஒவ்வொருத்தர் பென் டிரைவிலிருந்தும் காப்பி அடிச்சுச் சேர்த்தது. ஒருநாள் ராத்திரி ஸ்வர்ணலதா பாட்டா கேட்கலாமென்று பிளேயரில் அவர் பெயரைத் தேடினேன். ஒண்ணுகூட வரலை. 'சத்ரியன்' இருக்கு, 'அலைபாயுதே' இருக்கு, அவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்த 'கருத்தம்மா'வும் இருக்கு. பாடியவர் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

காரணம் ரொம்பச் சின்னது. எம்.பி.3 கோப்பில் முதலில் பெயர் எழுதவே இடம் கிடையாது. 1996-ல்தான் கோப்பின் கடைசியில் 128 பைட்டை ஒட்டவைத்தார்கள். அதுதான் ஐ.டி.3 டேக். அடையாளத்துக்கு 3 பைட், பாட்டின் தலைப்பு, ஆர்ட்டிஸ்ட், ஆல்பம், குறிப்பு நாலுக்கும் தலா 30, வருஷத்துக்கு 4, இசை வகைக்கு 1. கூட்டிப் பாருங்க, 128 வரும்.

ஆர்ட்டிஸ்ட் என்று இருப்பது ஒரே ஒரு கட்டம். பாடுபவரே ஆல்பம் போடும் ஊருக்கு அது போதும். நம்ம சினிமாப் பாட்டில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், ரெண்டு மூணு பாடகர்கள் இருப்பாங்களே! ஏற்றுபவர் யாரோ இசையமைப்பாளர் பெயரை மட்டும் அடித்துவிட்டுப் போயிடறார். சிலர் அதையும் அழிச்சிட்டுத் தங்கள் தளத்தின் பெயரைப் போட்டுக்கறாங்க. (இவங்களை எந்த நரகத்தில் போடறதுன்னு தெரியலை.)

தமிழில் எழுதினால் இன்னொரு சிக்கல். யுடிஎஃப்-8ல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு. "ஸ்வர்ணலதா" 27 பைட், எப்படியோ உள்ளே அடங்கிடும். "ஷாகுல் ஹமீது" 34. கடைசி எழுத்து வெட்டுப்படும்.

'திருடா திருடா'வில் கிட்டத்தட்ட வாத்தியமே இல்லாமல், கோரஸ் குரல்களை மட்டும் வைத்து ஒரு பாட்டு வருமே, அதைப் பாடியவர் ஷாகுல் ஹமீது. 'ஜென்டில்மேன்' படத்தில் ஸ்வர்ணலதாவோடு சேர்ந்தும் பாடியிருக்கார். 1997-ல் விபத்தில் போய்ட்டார். ஸ்வர்ணலதா 2010-ல் இறந்தபோது வயசு 37.

பின்னால் வந்த ஐ.டி.3-யின் இரண்டாம் வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை. கோப்பின் தொடக்கத்தில் உட்கார்ந்துக்கும். பாடியவர், இசை, வரிகள் ஒவ்வொன்றுக்கும் தனி இடம், தமிழும் முழுசா ஏறும். எம்.பி.3டேக் மாதிரி ஒரு இலவச மென்பொருள் போதும். ஒரு ஆல்பத்துக்கு அஞ்சு நிமிஷம் ஆகும். தளத்தின் பெயரை அழிங்க, இசையமைப்பாளரை அவர் கட்டத்துக்கு மாத்துங்க, ஆர்ட்டிஸ்ட் இடத்தில் பாடியவர்கள் எல்லாரையும் எழுதுங்க.

யார் பாடினாங்கன்னு சரிபார்க்க நான் நம்புவது வீட்டில் கிடக்கும் பழைய கேசட் அட்டைகளை. ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே பாடியவர் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். 'சத்ரியன்' அட்டையில் மட்டும் தண்ணி பட்டு எழுத்து அழிஞ்சுபோச்சு. யார் வீட்டிலாவது நல்லதா ஒண்ணு இருந்தா, போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா.